ஆப்புக் கத்தியா, குழிவுக் கத்தியா: வீட்டுச் சவரத்துக்கு எது ஏற்றது?

மும்பை செம்பூரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மனைவி வழிப் பெரியவர் ஒருவர் பயன்படுத்திய இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் செய்த பழைய சவரக்கத்தி ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. முதுகு தடித்து, அலகு அகன்று, அடிப்பகுதியில் கிரீடமும் 'வி.ஆர்.' என்னும் எழுத்துகளும் பொறித்த கத்தி அது. ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வரவிருக்கும் மைத்துனரோ, அந்நாட்டு ஸோலிங்கன் நகரத்துப் புதிய கத்தி ஒன்றை வாங்கி வரட்டுமா என்கிறார். கேட்பவருக்குத் தாடி முரடு, தோல் மென்மை. முரட்டுத் தாடிக்குக் கனத்த ஆப்பு வடிவக் கத்திதான் சரி, குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய கத்தி மயிரின்மேல் துள்ளும் என்று சிலரும், அதற்கு நேர்மாறாகச் சிலரும் சொல்ல, எதைக் கொண்டு பழகத் தொடங்குவது என்பது அவருடைய ஐயம்.

கூர்மையைப் பொறுத்தவரை இந்த இரண்டு வகைகளுக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். மடக்குச் சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பும்) ஒரே நேரத்தில் கல்லின்மேல் படிந்திருக்கும். ஆகவே வாயின் கோணத்தைத் தீட்டுபவரின் கை தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிப்புக்கும் அலகின் அகலத்துக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள புதிய குழிவுக் கத்தியைக் கணக்கிட்டால் கோணம் ஏறத்தாழ 18 பாகை வரும். 22 மில்லிமீட்டர் அகலமும் 6.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள பழைய ஆப்புக் கத்தியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 17 பாகை வரும். பார்வைக்குக் கோடரி போலத் தோன்றும் பழங்கத்தியின் வாய், தாளைப் போலத் தோன்றும் புதிய கத்தியின் வாயைவிடச் சற்றுக் குறுகிய கோணத்தில்கூட இருக்கக்கூடும். மயிரை அறுப்பது அந்த வாயின் கடைசி நுண்ணிய விளிம்பு மட்டுமே. அதற்குப் பின்னால் எவ்வளவு எஃகு நிற்கிறது என்பது மயிருக்குத் தெரியாது.

தெரிவது நம் கைக்கும் காதுக்கும்தான். ஒரு தகட்டின் வளையாத்தன்மை அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஆப்புக் கத்தி முதுகிலிருந்து வாய்வரை நேர்கோடாகச் சரிவதால் வாயை ஒட்டிய பகுதியிலும் உடல் இருக்கிறது, எதற்கும் அசையாது. மிக ஆழமாகக் குழித்த முழுக் குழிவுக் கத்தியில் வாய்க்குச் சற்று மேலேயும் எஃகு தாளளவு மெல்லியதாகவே இருக்கிறது. அதைக் கட்டை விரல் நகத்தின்மேல் மெல்ல அழுத்தினால் வாயோரம் நெளிவதைக் கண்ணாலேயே காணலாம். அந்த மெல்லிய சுவர் அதிர்வதால்தான் முழுக் குழிவுக் கத்தி கன்னத்தில் இறங்கும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் எழுகிறது. கோணம் சரியாக இருந்தால் ஒலி சீராக வரும். கத்தியை அதிகம் நிமிர்த்திப் பிடித்தால் கரகரப்பாக மாறும். கூர் மங்கும்போது ஒலியும் மங்கும். ஆப்புக் கத்தி அநேகமாக ஊமை. பல ஆண்டுகள் பழகியவருக்கு அந்த மௌனம் ஒரு சுகமாக இருக்கலாம். கற்றுக்கொள்பவருக்கோ, தவறைக் காதோடு சொல்லித்தரும் ஆசிரியரை இழப்பதாகவே அது முடியும்.

இந்த இரண்டு வடிவங்களும் ஒரே காலத்தில் தோன்றிய போட்டியாளர்கள் அல்ல. 1740களில் செஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்நகரின் சவரக்கத்திகள் உலகெங்கும் பரவின. அன்றைய சாணைக்கற்கள் பெரிய விட்டம் கொண்டவை; பெரிய சக்கரத்தில் பிடித்த கத்தியின் பக்கம் அநேகமாகத் தட்டையாகவே அமையும். சக்கரம் சிறிதாகச் சிறிதாகக் குழிவு ஆழமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறிய சக்கரங்களில் கத்தியை ஆழமாகக் குழிக்கும் கலையில் ஜெர்மானியர்கள் முந்திக்கொண்டார்கள். 'ஹாம்பர்க் கிரவுண்ட்' (ஹாம்பர்க் முறையில் சாணை பிடித்தது) என்று பொறித்த செஃபீல்டு கத்திகளே உண்டு என்பதிலிருந்து அவர்களுடைய செல்வாக்கை ஊகித்துக்கொள்ளலாம். இடையில் ஒரு தகவல், நமக்குப் பிடித்தமானது: மைக்கேல் ஃபாரடே 1819ஆம் ஆண்டில் தென்னிந்திய உருக்கை ஆராய்ந்தார், அடுத்த சில ஆண்டுகளில் கத்தித் தொழிலாளரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் வெள்ளி முதலியவற்றைச் சிறிதளவு கலந்து பார்த்தார். அதன் பிறகு செஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறிப்பது ஒரு விற்பனை உத்தியாகவே ஆயிற்று. உங்கள் கத்தியில் அப்படி எழுதியிருந்தால் வெள்ளியின் மதிப்பை எதிர்பார்த்து எடைபோட வேண்டாம்.

'வி.ஆர்.' என்பது விக்டோரியா அரசியைக் குறிப்பது; எனவே அந்தக் கத்தி பெரும்பாலும் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது. ஆனால் அது உண்மையான ஆப்புக் கத்திதானா என்பதைச் சோதித்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். நேரான எஃகு அளவுகோல் ஒன்றின் விளிம்பை அலகின் குறுக்கே, முதுகிலிருந்து வாய்வரை படியும்படி வைத்து, விளக்கை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். இடையில் சிறிது ஒளி கசிந்தாலும் அது முழு ஆப்பு அல்ல, மேலோட்டமாகக் குழித்த கால் குழிவு. ஆப்பு என்ற பெயரில் கைமாறும் பழங்கத்திகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அந்த மெல்லிய ஒளிக்கீற்று உங்களுக்கு எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது தீட்டும் வேலைக்கு வரும்போது விளங்கும்.

முரட்டுத் தாடியைப் பற்றிய நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. நான்கைந்து நாள் வளர்ந்த அடர்ந்த தாடியை ஒரே இழுப்பில் வழிக்கும்போது கனத்த கத்தி தன் எடையாலேயே முன்னேறும். முழுக் குழிவு, அதுவும் சற்று மங்கியிருந்தால், மயிரில் தட்டித் தட்டி நகரும். ஆனால் நாள்தோறும் சவரம் செய்பவருக்கு இந்தச் சூழல் வருவதே இல்லை. வருகிறது என்றால் குறை பெரும்பாலும் கூரில் இருக்கும், அல்லது நனைத்ததில் இருக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எப்படிச் சவர அலகைச் சிதைக்கிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தது. வாய் தேய்ந்து மழுங்குவதைவிட, நுண்ணிய சில்லுகளாக உதிர்வதே அவர்கள் கண்டது. மயிர் வளைந்து சாய்வாக மோதும் இடங்களில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளிகளில், அது நடக்கிறது. அந்த ஆய்வு மடக்குக் கத்தியைப் பற்றியது அல்ல என்றாலும் நமக்கான பாடம் அதில் உண்டு. தாடி நன்றாக நனைந்திருக்க வேண்டும், தோலை இழுத்துப் பிடித்து மயிரை நிமிரச் செய்ய வேண்டும். இவை இரண்டும் இல்லாவிட்டால் எந்த வடிவக் கத்தியும் இழுக்கத்தான் செய்யும். வெந்நீர்த் துணியை ஓரிரு நிமிடம் முகத்தில் வைத்துவிட்டுப் பிறகு நுரை போடுங்கள். மாநகராட்சி தரும் ஏரித் தண்ணீரில் நுரை எளிதாக எழும். டேங்கர் தண்ணீரையோ போர்வெல்லையோ நம்பியிருக்கும் கட்டடமாக இருந்தால் ஷேவிங் சோப்பைக் கூடுதலாகக் குழைக்க வேண்டியிருக்கும்.

மென்மையான தோலுக்கு எது நல்லது என்பதற்கும் விடை அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தினால் குழிவுக் கத்தியின் வாய் நெளிந்து தோலைச் சுரண்டும், எரிச்சல் வரும். ஆப்புக் கத்தி நெளியாது, அழுத்திய அளவுக்கு நேராக வெட்டும். முதலாவது குற்றத்துக்குத் தண்டனை எரிச்சல், இரண்டாவதற்கு ரத்தம். தவிர, தடித்த முதுகும் அகன்ற அலகும் மூக்குக்குக் கீழே இடம் போதாமல் திணறும், அங்கே வாய் எங்கே படிகிறது என்பதையும் மறைக்கும். தாடையின் வளைவிலும் தொண்டைக் குழியிலும் 16 மில்லிமீட்டர் அலகு, அதாவது கடைக்காரர்கள் அங்குலக் கணக்கில் 5/8 என்று சொல்லும் அளவு, எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்பதை ஒரு முறை பார்த்தவர்கள் அகன்ற கத்தியின் கம்பீரத்தை அலமாரியோடு நிறுத்திக்கொள்வார்கள். சலூனில் அரை பிளேடை மாட்டிச் செய்யும் சவரத்தின் அனுபவத்தை இவற்றோடு ஒப்பிட வேண்டாம். அந்தப் பிளேடின் கோணமும் அதைப் பிடித்திருக்கும் சட்டத்தின் விறைப்பும் வேறு.

இனித் தீட்டும் வேலை. என் கருத்தில் இந்தக் கேள்வியின் உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் முகத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள், கல்லை வைத்து முடிவெடுப்பதே சரி. குழிவுக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டுமே கல்லைத் தொடும்: முதுகின் ஓரம் ஒன்று, வாயின் ஓரம் ஒன்று. நடுவே வெற்றிடம். அதனால் தேய்க்க வேண்டிய எஃகு மிகக் குறைவு. ஆண்டுக்கு ஓரிரு முறை நுண்கல்லில் சில பத்து இழுப்புகள் கொடுத்தால் கூர் மீண்டும் எழும். முழு ஆப்புக் கத்தியைப் படுக்க வைத்தாலோ பக்கம் முழுவதும் கல்லில் ஒட்டிக்கொள்ளும். வாயிலிருந்து ஓர் இழை எஃகை எடுக்க, ஒவ்வொரு பக்கத்திலும் 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு எஃகைத் தேய்த்தாக வேண்டும். 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000, 12000 என்று ஏறும் வழக்கமான வரிசையில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) முதல் கல்லிலேயே ஒரு பகல் போய்விடும். கல்லும் சீக்கிரம் குழிந்துவிடும். குழிந்த கல்லில் தீட்டிய தட்டைக் கத்தி ஒருபோதும் சீராக வராது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. மின்வேலைக்குப் பயன்படும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று முதுகின்மேல் ஒட்டினால் முதுகு சற்று உயர்ந்து, வாயோரம் மட்டும் கல்லைத் தொடும். 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள டேப் கோணத்தை ஏறத்தாழ ஒரு பாகைதான் கூட்டும், அது சவரத்தில் தெரியாது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அரிய பழங்கத்தியின் முதுகையும் பொறிப்புகளையும் காப்பாற்றுவதற்கு இதைவிட எளிய உபாயம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு முறை டேப் ஒட்டித் தீட்டிய கத்தியை அடுத்த முறையும் டேப் ஒட்டியே தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல் வாயின் விளிம்பை எளிதில் எட்டாது. பழைய செஃபீல்டு அலகுகள் பல சற்றே முறுக்கிக்கொண்டிருக்கும், வாயும் நேர்கோடாக இல்லாமல் மெல்லிய புன்னகை போல வளைந்திருக்கும். அவற்றைக் கல்லின் குறுக்கே சாய்த்து இழுத்து, பிடிப்பக்கத்துக் குதியிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாகக் கல்லைத் தொடச் செய்ய வேண்டும். புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு இது ஏற்ற பள்ளிக்கூடம் அல்ல.

சைக்கிளில் சாணைச் சக்கரம் பொருத்தித் தெருத் தெருவாக வருபவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் இரண்டில் எதையும் கொடுத்துவிடாதீர்கள். அருவாமனைக்கும் கத்திரிக்கோலுக்கும் அவர் போதும். உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் சவரக்கத்தியின் மெல்லிய வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை கல் மாற்றினாலும் அங்கே கூர் நிற்காது. ஆப்புக் கத்தியாவது அந்தக் காயத்தைத் தேய்த்துக் கடந்து பிழைக்கும், குழிவுக் கத்திக்கு அதோடு ஆயுள் முடிந்தது.

ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் இழுப்பது இரண்டுக்கும் பொது. ஆப்புக் கத்திக்கு அதன் எடையே போதும், சற்று அழுத்தினாலும் தாங்கும். குழிவுக் கத்தியை அழுத்தினால் வாய் மேலே புரண்டு மழுங்கும். வாரை இறுக்கிப் பிடித்து, கத்தியை அதன்மேல் வெறுமனே பயணம் செய்ய விட வேண்டும். திருப்பும்போது எப்போதும் முதுகின்மேல் திருப்புங்கள், வாயின்மேல் திருப்பினால் வாரும் போகும், கூரும் போகும். வாருக்காக வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. நம்மவர்கள் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்துவரும் தாராவியில், சயான் பக்கத்துக் கடைவரிசையில் கேட்டால், இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டித் தருவார்கள். குரோம் ஏற்றிப் பதப்படுத்திய மெத்தென்ற பைத்தோலைத் தவிர்த்து, பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இறுக்கமான தோலைக் கேளுங்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய கலைதான்.

மும்பையில் இருப்பவர் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டியது துரு. இரண்டு வகைகளும் பொதுவாக ஒரு விழுக்காடு அளவு கரிமம் கலந்த எஃகால் ஆனவை, துருப்பிடிக்காத எஃகு அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளியலறை அலமாரியில் விட்ட கத்தியில் ஒரே வாரத்தில் செம்புள்ளிகள் தோன்றிவிடும். இங்கே ஆப்புக் கத்திக்கு ஒரு மெய்யான ஆதாயம் இருக்கிறது: வாயில் துரு குழிபறித்தாலும் பின்னால் எஃகு இருப்பதால் தீட்டித் தீட்டி அதைக் கடந்துவிடலாம். தாளளவு மெல்லிய குழிவுக் கத்தியில் அதே ஆழமான புள்ளி வாயோரத்தைத் துளைத்து, தீட்டும்போது பல்லாக உதிரும். எனவே குழிவுக் கத்தி வைத்திருப்பவர் சவரம் முடிந்ததும் துடைத்து, உலர்ந்த துணியில் சில இழுப்புகள் இழுத்து, மணமற்ற கனிம எண்ணெயை ஒரு துளி பூசி, படுக்கையறை இழுப்பறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். அலகு பிடிக்குள் மடியும் இடத்திலும் ஆணியைச் சுற்றியும் நீர் தங்கும், அங்கேயும் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பழங்கத்தியின் பிடி எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். கறுப்பாகவோ புகை நிறத்திலோ இழைகளோடு இருந்தால் அது எருமைக்கொம்பு, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். 1870களுக்குப் பிறகு பரவிய செல்லுலாய்டு பிடியாக இருந்தால் கவனம் தேவை: அது முதுமையில் சிதைந்து அமில ஆவியை வெளியிட்டு, மூடிக் கிடக்கும் அலகை உள்ளிருந்தே அரிக்கும். பிடியில் மடியும் பகுதி மட்டும் தனியாகத் துருவேறியிருந்தால் காரணம் அதுவே. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழங்கத்திகளைத் தேடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். பளபளப்பாக மெருகேற்றிய கத்தியைவிட, கறை படிந்திருந்தாலும் வாயோரம் முழுமையாக உள்ள கத்தி மேல். வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போன்ற விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஆகவே, மைத்துனர் வாங்கி வரட்டும். 5/8 அல்லது 6/8 அகலத்தில், உருண்டை நுனியுள்ளதாக, கிடைத்தால் இரண்டு வகைக்கும் இடைப்பட்ட அரைக் குழிவு, கிடைக்காவிட்டால் முழுக் குழிவு என்று சொல்லுங்கள். நுனி கூர்ச்சதுரமாக இருந்தால் முதல் வாரத்திலேயே காது மடலில் கோடு விழும். தொடக்கத்தில் குழிவின் ஆழத்தைவிட நுனியின் வடிவமே அதிகம் முக்கியம் என்பேன். அரைக் குழிவைச் சொல்வதற்குக் காரணம், அது ஓரளவு ஒலியும் தரும், ஓரளவு அழுத்தத்தையும் பொறுக்கும், கல்லிலும் எளிதாகப் படியும். அலகில் 'ஸோலிங்கன்' என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உற்பத்தியின் முக்கிய வேலைகள் அந்த வட்டாரத்திலேயே நடந்த பொருள்களுக்கு மட்டுமே அப்பெயர் உரியது என்று 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் எப்போதும் சவரத்துக்குத் தயாராக இருக்கும் என்று நம்ப முடியாது. கடைக்காரரே கையால் தீட்டித் தருவாரா என்று கேட்டு, கூடுதலாகச் சில யூரோ கொடுத்தாவது தீட்டி வாங்குவது நல்லது.

பழைய கத்தியை ஆறு மாதம் எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள். அதற்குள் புதிய கத்தியில் கை பழகி, கல்லில் அதை ஓரிரு முறையாவது நீங்களே தீட்டியிருப்பீர்கள். அதன் பிறகு டேப் ஒட்டி, பழங்கத்தியைக் கல்லில் வைத்துப் பாருங்கள். அளவுகோல் சோதனையில் ஒளி கசிந்திருந்தால் வேலை நீங்கள் அஞ்சுமளவுக்கு இராது. முதல் சவரத்தைக் கன்னங்களோடு நிறுத்தி, தாடைக்கும் மேலுதட்டுக்கும் புதிய கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: விமானத்தில் சவரக்கத்தியைக் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.